முகம் பார்த்து வாங்கிய டப்பா

லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை முழம்தான் இருந்தது. சாவுக் காரியங்களை முன்னின்று பார்த்த செல்லப்பா, பாடைக்கு வெட்டிவந்த மூங்கிலைக் குறுக்கே வைத்து மூன்றாவது தடவையாக அளந்தார். மூன்று தடவையும் சுவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"பாடை போயிரும் அண்ணாச்சி," என்றான் மூங்கிலின் மறுமுனையைப் பிடித்திருந்தவன். "தூக்குறவன்தான் போமாட்டான்."

"தூக்குறவன் இல்லாம பாடை தன்னால நடந்து போகுமாலே?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

அனு வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீர்மாலை எடுத்து வந்து அப்பாவைக் குளிப்பாட்டி முடித்தாயிற்று. அவள் தலையிலும் இன்னும் ஈரம் காயவில்லை. அது முட்டுச் சந்து. உள்ளே நாலே வீடுகள். முதல் வீடு அவர்களுடையது. சந்தின் வாயை அடைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து முகத்தை வைத்து நின்றது அப்பாவின் லாரி. லாரிக்கு அந்தப் பக்கம், தெருவில், பூ ஜோடித்த சொர்க்க ரதம் அரைமணி நேரமாக மரியாதைக்கு ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தது. லாரிக்கு இந்தப் பக்கம், லாரியின் சொந்தக்காரர் சுடலைமணி, பெஞ்சின் மேல் கோடி வேட்டியோடு அவசரமில்லாமல் படுத்திருந்தார்.

லாரியைப் பின்னால் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. எடுக்க முடியாததற்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் டப்பா. இன்ஜினைச் சூடேறாமல் காக்கிற தண்ணீர் நிற்கும் கூலண்ட் டப்பா. அது விரிசல் விட்டு ஒழுகியதால் சுடலைமணி புதன்கிழமை சாயங்காலமே கழற்றிவிட்டார். லாரியின் முன்மூடி திறந்தபடி இருந்தது. உள்ளே டப்பா இருந்த இடத்தில் ரெண்டு ரப்பர் ஹோஸ்கள் வாயைப் பிளந்து தொங்கின.

சாவுக்கு வந்தவர்களில் எட்டுப் பேர் டிரைவர்கள். எட்டுப் பேருக்கும் எட்டு வழி தெரிந்திருந்தது.

"நாலு பேரு சேந்து தள்ளுவமா?"

"காத்து இறங்கி பிரேக்கு கவ்விக்கிட்டு வே. நாப்பது பேரு தள்ளுனாலும் நவுராது. இன்ஜின் ஓடி காத்து ஏறுனாத்தான் பிரேக்கு விடும்."

"அப்போ ஒண்ணு செய்வோம். அண்ணாச்சியை லாரி மேல ஏத்தி, அங்கிட்டு இறக்கிருவோம். அவரு ஏறி இறங்குன வண்டிதானே."

சுடலைமணியின் தங்கை செண்பகவல்லி ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"ஏலே, எங்க அண்ணன் என்ன எலுமிச்சங்கா மூடையா? ஏத்தி இறக்குதாவளாம்ல, ஏத்தி! எவம்லே சொன்னது?"

சொன்னவன் லாரியின் பின்சக்கரத்தை ஆராயப் போய்விட்டான். செண்பகவல்லி உள்ளே போய், விட்ட வரியிலிருந்தே ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

இசக்கிராஜாதான் கடைசியில் முன்னே வந்தார். சுடலைமணியோடு இருபது வருஷம் புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து எலுமிச்சை ஏற்றிப் போனவர். நேற்றிலிருந்து குடித்திருக்கிறார் என்பது அவர் வார்த்தைக்கு வார்த்தை நிதானமாகப் பேசியதிலிருந்து தெரிந்தது.

"டப்பா இல்லாமலே ஸ்டார்ட் பண்ணுவோம். காத்து ஏற எட்டு நிமிசம். பின்னால எடுக்க ரெண்டு நிமிசம். சூடேறி இன்ஜின் ஹெட்டு வளைஞ்சாலும் வளையும். வளைஞ்சா பொறவு பாத்துக்கிடலாம். ஆளே போயாச்சு, ஹெட்டு என்ன ஹெட்டு. சாவி எங்கன?"

எல்லாரும் அனுவைப் பார்த்தார்கள். நேற்று சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து எடுத்த சாவியை அவள் துப்பட்டா முனையில் முடிந்து வைத்திருந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணக் கூடாது," என்றாள்.

"என்ன மக்கா?"

"தண்ணி இல்லாம அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணக் கூடாது மாமா. அரைமணி நேரம் குடுங்க. நான் போய் டப்பா வாங்கிட்டு வாரேன்."

கூட்டத்துக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. தெருமுனை அம்மன் கோயில் பூசாரி சங்கரசுப்பிரமணியன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தொண்டையைச் செருமினார். தெருவில் பிணம் கிடக்கிறவரை நடை திறக்கக் கூடாது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. எலுமிச்சை விளக்குப் போட வந்த பெண்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவசரம் ஒண்ணுமில்ல," என்றார் பூசாரி. காலையிலிருந்து அவர் அதைச் சொல்வது நாலாவது முறை. "சும்மா கேட்டேன். நாலு மணிக்குள்ள ஆயிருமில்லா?"

"ஏட்டி, அப்பன் உள்ள கெடக்கையில பெத்த புள்ள கடைக்குப் போவாளா? ஊரு சிரிக்கும்டி," என்றார் செல்லப்பா.

ஊர் சிரிக்கிற நிலையில் இல்லை. நின்று நின்று அதற்குக் கால் வலித்தது.

அப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு முத்துத்தாய் வாயைத் திறப்பது அதுதான் முதல் தடவை.

"போயிட்டு வரட்டும். இந்தவாட்டியாவது பாத்து வாங்கட்டும்."

அனு பழைய டப்பாவையும், கூடவே ஒரு புது டப்பாவையும் எடுத்துக்கொண்டு அந்த ஒன்றரை முழத்துக்குள் உடம்பை ஒடுக்கி வெளியே வந்தாள்.

புது டப்பா தப்பு டப்பா.

திங்கள்கிழமை அப்பா சொன்னது இவ்வளவுதான்: "டப்பாவுக்கு அடியில நம்பர் இருக்கும். குனிஞ்சு பாத்து எழுதிக்கிட்டுப் போ மக்கா." அனு குனியவில்லை. ஆபீஸ் போகிற சுடிதாரில் கிரீஸ் ஒட்டும். லாரியின் முகத்துக்கு நேராக நின்று போனில் ஒரு போட்டோ எடுத்து, ஸ்பேர் பார்ட்ஸ் கடை கபீருக்கு அனுப்பி, சாயங்காலம் போய் டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வண்டி எந்த வண்டி என்று அதன் மூஞ்சியில் எழுதியிருக்கும்போது அடியில் போய் எதற்குக் குனிய வேண்டும்?

ஆனால் அந்த மூஞ்சி அந்த வண்டியின் மூஞ்சி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் இளையரசனேந்தல் பக்கம் ஒரு புளியமரக் கிளையில் மோதி முன்பக்கம் நொறுங்கியபோது, சுடலைமணி பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து, புது மாடல் லாரி ஒன்றின் முகத்தை வாங்கி மாட்டினார். உடம்பு பழையது, முகம் புதியது. பார்த்தவர்களெல்லாம் "புது வண்டியா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

திங்கள் ராத்திரி அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேற யாரு வண்டிக்கோ உள்ளது மக்கா," என்றார். "மூஞ்சியப் பாத்து வாங்கிட்டு வந்துட்டே."

"வயசான வண்டிக்குப் புது மூஞ்சிய மாட்டி ஊர ஏமாத்துனது நீங்க. தப்பு எனக்கா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாற்றிவருவதாகச் சொன்னாள். செவ்வாயும் புதனும் டப்பா அவள் ஸ்கூட்டரில் கால்மாட்டில் உட்கார்ந்து மேலநீலிதநல்லூர் ஆபீசுக்குப் போய், சாயங்காலம் அதேபோல் வீட்டுக்கு வந்தது. தினமும் வருகிற ஒரே ஆள் இந்த டப்பாதான் என்று ஆபீசில் சொன்னார்கள். அனுவும் சிரித்தாள்.

வியாழக்கிழமை ஒன்பது நாற்பதுக்கு அப்பா போன் செய்தார். "மாத்திட்டியா மக்கா? சனிக்கிழமை லோடு இருக்கு."

"மத்தியானம் போறேம்ப்பா. மீட்டிங்ல இருக்கேன்."

மீட்டிங் இல்லை. கூட வேலை செய்கிற நிர்மலாதேவிக்குப் பிறந்தநாள், கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து இருபத்தைந்துக்கு மறுபடியும் போன் வந்தது. விரலில் கிரீம் இருந்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினொரு மணிக்கு முத்துத்தாய் வெளியே வந்தபோது அவர் லாரிப் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய டப்பா. "வெள்ள வேட்டியில அழுக்கு டப்பாவ வச்சிருக்கீயளே, தொவைக்கது யாரு?" என்று அம்மா ஏசினாள். பதில் வராததால் இன்னும் கொஞ்சம் ஏசினாள். பிறகுதான் தொட்டுப் பார்த்தாள்.

அந்த ரெண்டாவது போன் எதற்கு என்று இனித் தெரியப்போவதில்லை. டப்பாவைப் பற்றித்தான் இருக்கும். டப்பாவைப் பற்றியே இருக்கட்டும்.

ராஜபாளையம் ரோட்டில் கபீரின் கடை. காலையிலேயே வந்து மாலை போட்டுவிட்டுப் போனவர், இவளைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். அனு படிக்குக் கீழேயே நின்றாள்.

"உள்ள வாம்மா."

"தீட்டு பாய். அப்பாவ இன்னும் எடுக்கல."

"ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஏதும்மா தீட்டு? இங்கன உள்ளதுல பாதி, செத்த வண்டியில கழட்டுனது. ஏறி வா."

அவள் ஏறவில்லை. ரெண்டு டப்பாக்களையும் படியில் வைத்தாள். கபீர் இறங்கி வந்து எதிரே குந்தினார். புது டப்பாவை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோவப் பாத்து நானும்தாம்மா எடுத்துக் குடுத்துட்டேன். ஒரு வார்த்தை நம்பர் கேட்டிருக்கணும். முப்பது வருசமா கடை வச்சிருக்கேன், நானே மூஞ்சியப் பாத்து ஏமாந்துட்டேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "செவ்வாக்கிழமை அண்ணாச்சி போன் போட்டாரு. 'பிள்ள மாத்த வரும் பாய். ஒண்ணும் ஏசிராதீரும். மூஞ்சிய மாத்துனது நாந்தான், தப்பு என்மேல'ன்னாரு."

அனு தலையை மட்டும் ஆட்டினாள். ரோட்டில் ஒரு பஸ் போய் முடியும்வரை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கபீர் உள்ளே போய் ரெண்டு டப்பாக்களை எடுத்து வந்தார். ரெண்டும் பால் வெள்ளை. ஒரே உயரம், ஒரே வயிறு. பக்கவாட்டில் தண்ணீர் நிற்க வேண்டிய அளவுக்கு மேலொரு கோடு, கீழொரு கோடு.

"பழைய மாடலுக்கு இந்த ரெண்டு உண்டு. இரட்டைப் பிள்ளைக மாதிரி. ரெண்டும் மாட்டும். ஆனா உள்ள தாங்குற அழுத்தம் வேற வேற. மாத்திப் போட்டா இன்னைக்கு ஓடும், நாலு நாள்ல ஏத்தத்துல வச்சு வெடிக்கும். நம்பர் பாத்தாத்தான் எதுன்னு சொல்லலாம்."

அனு பழைய டப்பாவைத் திருப்பினாள். அடிப்பக்கம் முழுக்க, ஓட்டை அடைக்கிற எம்சீல் பசை பூசியிருந்தது. சரியான டப்பா வராத அந்த ரெண்டு நாளும் ஒழுக ஒழுக அப்பா அப்பிக்கொண்டே வந்திருக்கிறார். சாம்பல் நிறத்தில் கல்லாக இறுகியிருந்தது. கபீர் ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்திலிருந்து பெயர்த்தார். செதில் செதிலாக வந்தது. கீழே எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஆறு எண்கள் வந்தபின் கபீரின் கை நின்றது.

"இன்னும் ரெண்டு எண் இருக்கு. கடைசி ரெண்டும்தான் முக்கியம்."

அந்த இடத்தில் பூச்சு கொஞ்சம் கனமாக இருந்தது. காயுமுன் அழுத்திவிட்ட பெருவிரல் அதில் பதிந்திருந்தது. அகன்ற விரல். ரேகைகள் சுழித்துச் சுழித்துப் போய் நடுவில் ஒரு புள்ளியில் முடிந்தன. நகத்துக்குக் கீழே, ஸ்பேனர் வழுக்கி வெட்டிய பழைய தழும்பும் ஒரு கோடாக விழுந்திருந்தது.

கபீர் அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு செய்வோம்மா. ஏதாவது ஒண்ண மாட்டி இப்போதைக்கு வண்டிய வெளிய எடுங்க. பொறவு பாத்துக்கிடலாம்."

ஆளாளுக்கு அதைத்தான் சொன்னார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாலு நாளாக அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்து அந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்தாள். வெயில் படாமல் போன் திரையைக் கையால் மறைத்துப் பார்த்தாள். சாம்பல் கட்டி ஒன்று தெரிந்தது, விரல் தெரியவில்லை. கிட்டக் கொண்டுபோய் இன்னொன்று எடுத்தாள். அதிலும் கட்டிதான். டப்பாவைச் சாய்த்து மூன்றாவது எடுத்தாள். ஆபீசில் டீ டம்ளரையெல்லாம் அழகாக எடுக்கிற போன்.

"குடுங்க பாய்," என்று ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள்.

அது ஒரே வில்லையாக வந்துவிடும் என்று நினைத்தாள். வரவில்லை. நடுவில் உடைந்து பொடியாக உதிர்ந்தது. ஊதினாள். நான்கு, ஒன்று.

"இதாம்மா," என்று கபீர் வலது பக்கத்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி, குனிந்து, அடியில் இருந்த எட்டு எண்களையும் பழைய டப்பாவோடு சத்தமாக ஒத்துப் படித்தாள். பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு இன்னொரு தடவை படித்தாள். கூலண்ட் கேன் ஒன்றையும் எடுத்துவந்து நின்ற கபீர், அவள் முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் நின்றார்.

சந்துக்குத் திரும்பியபோது மணி மூன்றே முக்கால். பூசாரி கடிகாரம் கட்டாத கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கிராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் குடித்த ஆள் மாதிரியே தெரியவில்லை. மற்ற ஏழு டிரைவர்களும் சுற்றி நின்று கிளிப்பை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

"ரொம்ப முறுக்காதீரும். பிளாஸ்டிக்கு."

"முறுக்காம விட்டா ஒழுகும்லா."

"வே, நான் முப்பது வருசமா முறுக்குதேன். வாயக் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நில்லும்."

டப்பா தன் இடத்தில் போய் வாகாக உட்கார்ந்தது. ரெண்டு திருகாணியும் அதன் ஓட்டைகளில் இழுக்காமல், நெளிக்காமல் இறங்கின. பச்சை நிறக் கூலண்டை அனு ஊற்றினாள். டப்பாவின் வெள்ளை வயிற்றில் பச்சை மேலேறி மேல் கோட்டில் நின்றது.

சாவியை முடிச்சவிழ்த்துக் கொடுத்தாள். இசக்கிராஜா ஏறி உட்கார்ந்தார். ஒரு கணம் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் ரெண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சந்து அதிர்ந்தது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். செண்பகவல்லியின் ஒப்பாரியும் நின்றது. அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே முத்துத்தாய் சட்டென்று எழுந்துவிட்டாள். லாரி வந்தால் டீ போடுகிற பழக்கத்தில் அடுக்களைப் பக்கம் ரெண்டு எட்டு வைத்தாள். பிறகு நின்று, பெஞ்சைப் பார்த்து, வந்த வழியே போய் உட்கார்ந்தாள். அனு அதைக் கதவு வழியாகப் பார்த்தாள். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

"மூடி போடாத மக்கா!" இசக்கிராஜா மேலிருந்து கத்தினார். "தண்ணி லைனுக்குள்ள காத்து நிக்கும். குமிழு குமிழா மேல வரும். வந்து முடியட்டும், தண்ணி இறங்குனா ஊத்து. குமிழு நின்னதும் மூடியப் போட்டுச் சொல்லு, நான் எடுத்துருதேன்."

அனு கேனோடு டப்பாவின் வாய்க்கு நேராகக் குனிந்து நின்றாள். முகத்தில் இன்ஜினின் சூடு அடித்தது. முதுகுக்குப் பின்னால் பாடையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். செல்லப்பா யாரையோ கால்மாட்டுக்குப் போகச் சொல்கிறார். பெண்கள் தெருமுனை வரைதான். அதற்கு மேல் போகக் கூடாது. லாரி நகர்ந்தால் பாடை நகரும். பாடை ரதத்தில் ஏறும், ரதம் தெருமுனையில் திரும்பி மறைந்துவிடும்.

ஒரு குமிழ் வந்து வாயருகே உடைந்தது. பின்னாலேயே மூன்று, நாலு, கொத்தாக. பச்சை ஒரு விரற்கடை இறங்கியது. அவள் ஊற்றினாள். மறுபடியும் குமிழ். மறுபடியும் இறங்கியது. ஊற்றினாள்.

"காத்து ஏறிட்டு!" என்றார் இசக்கிராஜா. பிரேக் புஸ்ஸென்று விட்டது. "எல்லாரும் பாடையப் பிடிங்கப்பா. அனு, குமிழு நின்னுட்டா?"

ஒரு சின்னக் குமிழ் எங்கிருந்தோ புறப்பட்டு வந்தது. வாயில் வந்து கொஞ்ச நேரம் வட்டமாக நின்று உடைந்தது. பிறகு இன்னொன்று. அது உடைய வெகுநேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு வரவில்லை.

அனு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"மக்கா, இன்னும் வருதா?"

எட்டு டிரைவர்களும், செல்லப்பாவும், தோளில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு பாடையைப் பிடித்திருந்தவர்களும், பூசாரியும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"வருது மாமா," என்றாள்.

தண்ணீர் மேல் கோட்டில் நின்றது.